சந்தாவும் கையொப்பமும்: ஒரு கட்டணப் பக்கம் கைமாறிய கதை

2020ஆம் ஆண்டின் கடைசியிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் பல இணையக் கடைகள் சத்தமில்லாமல் ஒரு வேலையைச் செய்தன. கோப்பித்தூள், நாய்ச் சாப்பாடு, சவர அலகு, விற்றமின் குளிசை எண்டு மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புகிற கடைகள் அவை. வாடிக்கையாளர் ஒருமுறை கடனட்டை இலக்கத்தைக் கொடுத்தால் போதும். பிறகு காசு தானாகக் கழியும், பொதி தானாக வரும். அந்தச் சந்தாவைப் பதிகிற கட்டணப் பக்கத்தை, அதாவது செக்கவுட் எண்டு நாங்கள் சொல்லுற பக்கத்தை, இந்தக் கடைகள் ஒரு கம்பனியிடமிருந்து எடுத்து இன்னொரு கம்பனியிடம் ஒப்படைத்தன. வாங்குகிற ஆளுக்குப் பக்கத்தின் தோற்றம் கொஞ்சம் மாறினது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இதிலை வரலாறு எங்க இருக்கு எண்டு கேட்கலாம். கடையை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது எது சுகமாக வரும், எது வராது எண்டு பார்த்தால் விளங்கும். பொருட்களின் படம், விலை, விபரம், வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் இறக்கி மற்றப் பக்கம் ஏற்றலாம். அப்படி இறக்கி ஏற்ற ஏலாத ஒன்று இருக்கிறது. 'என்ர காசை மாதாமாதம் நீ எடுக்கலாம்' எண்டு வாடிக்கையாளர் கொடுத்த அனுமதி. சந்தா வியாபாரத்தில் உண்மையான சொத்து அதுதான் என்பது எங்கள் வாதம். அந்த அனுமதி யாருடைய கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று பார்த்துக்கொண்டு போனால் நானூறு வருடம் பின்னுக்குப் போகவேண்டி வரும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறோம். தொழில்நுட்பக்காரர் இந்த வேலையை 'மைக்ரேசன்' என்பார்கள். அதை இடம்பெயர்வு எண்டு தமிழில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கட நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம் இருக்கிறது. ஆகவே 'மாற்றம்' என்றே எழுதுகிறோம்.

கையெழுத்து வைத்த காலம்

ஆங்கிலத்தில் சந்தாவுக்குள்ள சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் பொருள் 'கீழே எழுதுதல்', அதாவது ஒப்பமிடுதல். நாங்கள் சொல்லுகிற சந்தா பாரசீகத்திலிருந்து ஹிந்தி வழியாக வந்த சொல்; அது நன்கொடைப் பங்கைக் குறித்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்களை அச்சேற்றியவர்கள் முன்பணம் தருவோரிடம் 'கையொப்பம்' வாங்குவதாகத்தான் சொன்னார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் இப்படிக் கையொப்பம் சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். லத்தீன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே செயலைச் சுட்டுகின்றன: ஒரு மனிதர் தன் பெயரைத் தன் கையால் எழுதுகிறார்.

இங்கிலாந்தில் இந்த முறையில் வந்த முதல் நூலாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ஜோன் மின்ஷூ 1617இல் வெளியிட்ட பதினொரு மொழி அகராதி. நூலைத் தன் செலவிலேயே அச்சிட்ட அவர், வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலையும் அச்சிட்டார். நூறு வருடம் கழித்து அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் ஆக்கியபோது அதே வழியில் போனார். 1715 தொடங்கி 1720 வரை ஆறு தொகுதிகள், ஒரு தொகுதிக்கு ஒரு கினி. 575 பேர் பெயர் கொடுத்தார்கள். சிலர் ஒன்றுக்கு மேல் கேட்டதால் 654 பிரதிகள் போயின.

அதில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கு. பதிப்பாளர் பெர்னார்ட் லின்டொட் சந்தாதாரர்களுக்குரிய பிரதிகளைப் போப்புக்கு இலவசமாகவே கொடுத்தார். சந்தாக் காசு போப்புக்கு வந்தது. பட்டியல் எழுத்தாளரின் கையில் இருந்தது. பிரபுக்களின் தயவை நம்பியிருந்த காலத்தில், எழுதியே தன் காலில் நிற்க அந்தப் பட்டியல் அவருக்கு உதவியது. அச்சிட்ட பெயர்கள் பகிரங்கமானவை என்பதால், இலக்கிய வரலாறு எழுதுவோர் 'யார் வாசித்தார்கள்' என்ற கேள்விக்கு இன்றும் அந்தப் பட்டியல்களைப் புரட்டுகிறார்கள்.

பேசாமல் இருந்தால் சம்மதம்

அடுத்த பெரிய திருப்பம் 1926இல் நியூயோர்க்கில் நடந்தது. ஹரி ஷேர்மனும் கூட்டாளிகளும் 'புக் ஒஃப் த மந்த் கிளப்' என்ற புத்தகக் கழகத்தைத் தொடங்கினார்கள். நடுவர் குழு மாதம் ஒரு நூலைத் தெரிவுசெய்யும். உறுப்பினருக்கு அது தபாலில் போகும். இந்த வகைக் கழகங்களில் விரைவிலேயே ஒரு முறை வழக்கமானது. இந்த மாத நூல் இன்னது எண்டு முதலில் அறிவித்தல் வரும். வேண்டாம் என்றால் குறித்த திகதிக்குள் எழுதி அனுப்பவேண்டும். எழுதாவிட்டால் புத்தகமும் வரும், பில்லும் வரும்.

மின்ஷூவின் வாசகர் வேண்டும் என்றால் எழுதினார். கழகத்தின் வாசகர் வேண்டாம் என்றால் எழுதவேண்டும். சம்மதத்தின் திசையே இங்கே மாறிவிட்டது. மறதி, சோம்பல், வேலைப் பளு எல்லாமே விற்பனையாளருக்கு வருமானமாகத் தொடங்கியது இதிலிருந்துதான். முறைப்பாடுகள் குவிந்தபிறகு, 1973இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு இப்படிப்பட்ட திட்டங்களுக்கு விதி கொண்டுவந்தது. நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மறுப்பதற்குப் போதிய நாள் கொடுக்கவேண்டும். ஆனால் மௌனம் சம்மதமாகும் முறையையே அது தடைசெய்யவில்லை.

அந்தக் காலத்திலும் வாசகருக்கு ஒரு கடைசிப் பிடி இருந்தது. பில் வந்தாலும் காசோலையை எழுதுவது அவர்தான். எழுதாமல் விடலாம். அந்தப் பிடி எப்படிப் போனது எண்டு பார்ப்பம்.

அனுப்புதலும் எடுத்தலும்

வங்கியில் 'ஸ்டாண்டிங் ஓடர்' எண்டு ஒன்று இருக்கு. எங்கட பெற்றோருக்கு நல்லாத் தெரிந்த விசயம். மாதாமாதம் இந்தத் தொகையை இன்ன கணக்குக்கு அனுப்பு எண்டு நாங்கள் எங்கள் வங்கிக்குக் கட்டளை கொடுக்கிறோம். தொகையும் திகதியும் நாங்கள் சொன்னவை. நிறுத்துவதும் எங்கள் கையில்.

1960களில் பிரித்தானியாவில் இதற்கு எதிர்த் திசையில் ஒன்று வளர்ந்தது. நேரடிப் பற்று என்று அதைச் சொல்லலாம். இதில் காசை வாங்கவேண்டிய கம்பனியே வங்கியிடம் போய் 'இந்தக் கணக்கிலிருந்து இவ்வளவு தா' என்று கேட்கும். நாங்கள் ஒருமுறை அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் சரி. அதற்குப் பிறகு தொகையும் திகதியும் கம்பனியிடமிருந்து வரும். பிழையாக எடுத்தால் வங்கி உடனே திருப்பித் தரவேண்டும் என்ற உத்தரவாதம் அங்கே அந்த முறையோடு ஒட்டியிருக்கிறது. எடுப்பவருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கும்போது கொடுப்பவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று அங்குள்ள வங்கிகளுக்கு விளங்கியிருந்தது.

கடனட்டையும் எடுத்தல் வகையைச் சேர்ந்ததுதான். 1958இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்து மக்களுக்கு, அவர்கள் கேட்காமலே, ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. பிறகு 1976இல் விசா என்று பெயர் மாறியது அந்த அட்டைதான். 1994 ஓகஸ்ட் 11இல் நெட்மார்க்கெட் என்ற கடையில் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்று 12.48 டொலருக்கு விற்றது. அட்டை இலக்கத்தை மறையாக்கம் செய்து இணையத்தில் அனுப்பி வாங்கிய ஆரம்ப நிகழ்வுகளில் பெயர்பெற்றது அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையும் அட்டை இலக்கங்களைத் தன்ர கணினியில் சேர்த்து வைத்தது. திருட்டும் சேர்ந்தே வந்தது.

2004 டிசம்பரில் பெரிய அட்டைக் கம்பனிகள் சேர்ந்து ஒரு பொதுப் பாதுகாப்புத் தரத்தைக் கொண்டுவந்தன. அட்டை இலக்கத்தை வைத்திருப்பவர் இன்னின்ன காவல் போடவேண்டும்; பின்பக்கத்து மூன்று இலக்கத்தை, பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு, யாரும் சேமிக்கவே கூடாது. சின்னக் கடைகளுக்கு இந்தக் காவலைப் போட வசதியில்லை. ஆகவே அட்டையைக் கட்டணக் கம்பனி ஒன்றின் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு டோக்கனைக் கடை வைத்துக்கொள்ளும் முறை பரவியது.

டோக்கன் என்றால் என்ன? திருவிழாக் காலத்தில் கோயிலடியில் சைக்கிள் விடுகிற இடத்தில் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் திருடியவன் அதை வேறெங்கும் கொண்டுபோய்ச் சைக்கிள் வாங்க ஏலாது. அந்த இடத்தில் மட்டும்தான் அது செல்லும். டோக்கனும் அப்படித்தான். பாதுகாப்புக்கு மிகவும் நல்லது. ஆனால் அந்த நன்மைக்குள்ளேயே ஒரு பூட்டும் இருக்கிறது: கடைக்காரர் வேறு கட்டணக் கம்பனிக்குப் போக நினைத்தால் அவருடைய கையிலிருக்கும் ஆயிரம் துண்டுகளும் அங்கே செல்லாது. போப்பின் கையில் பட்டியல் இருந்தது. இன்றைய கடைக்காரரின் கையில் துண்டு மட்டும் இருக்கிறது.

ஒரு கடைக்கு இரண்டு கல்லாப்பெட்டி

இப்ப நாங்கள் தொடங்கின இடத்துக்கு வரலாம். கனடாவின் ஒட்டாவாவில் தோபி லுட்கேயும் ஸ்கொட் லேக்கும் 2004இல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஓர் இணையக் கடை திறந்தார்கள். கடைக்காக எழுதிய மென்பொருளே பிறகு வியாபாரமானது. 2006இல் அது ஷொப்பிஃபை என்ற பெயரில் மற்றவர்களுக்கும் திறந்தது. 2009இல் வெளியாட்களின் செயலிகளைச் சேர்க்கும் சந்தை வந்தது. 2013இல் அட்டைக் கட்டணத்தை ஷொப்பிஃபையே எடுத்துக்கொடுக்கும் வசதி, ஸ்ட்ரைப் என்ற கம்பனியின் இயந்திரத்தின் மேல், வந்தது.

ஆனால் ஷொப்பிஃபையின் கட்டணப் பக்கம் ஒருமுறை வாங்கிப் போவதற்காகக் கட்டியது. ஒரே வாடிக்கையாளரிடம் அடுத்த மாதமும் எடுப்பதற்கு அதில் வழி இல்லை. அந்த வெற்றிடத்தை வெளிச் செயலிகள் நிரப்பின. அவற்றில் பெரியது 2014இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரீசார்ஜ். வழி இப்படி: வாடிக்கையாளர் கூடையில் சந்தாப் பொருள் ஒன்றைப் போட்டால், செயலி அவரை ஷொப்பிஃபையின் பக்கத்துக்கு விடாமல் தன்னுடைய கட்டணப் பக்கத்துக்கு அழைத்துப்போகும். அட்டை, கடைக்காரரின் பெயரில் ஸ்ட்ரைப் போன்ற ஒரு கம்பனியின் பெட்டகத்துக்குப் போகும். பணம் கிடைத்ததும் செயலி ஷொப்பிஃபைக்குள் ஓர் ஓடரை எழுதும். மாதாமாதம் அதே வேலை.

வேலை நடந்தது, ஆனால் ஒரு கடைக்கு இரண்டு கல்லாப்பெட்டி. ஒரு பெட்டியில் செல்லுகிற கழிவுக் குறியீடு மற்றதில் செல்லாது. வரியையும் அனுப்பு செலவையும் இரண்டு இடத்தில் ஒழுங்குபடுத்தவேண்டும். சேமித்த அட்டையால் ஒரே தட்டில் வாங்குகிற ஷொப்பிஃபையின் வேகவழி சந்தாவுக்கு இல்லை. முகவரிப் பட்டையில் கடையின் பெயர் போய் வேறு பெயர் வந்தால் சிலர் பயந்து விலகியும் போவார்கள்.

ஷொப்பிஃபைக்கும் இதில் ஒரு நட்டம் இருந்தது. 2020இல் அதன் வருமானம் ஏறத்தாழ 2.9 பில்லியன் டொலர். அதில் கடைகள் மாதாமாதம் கட்டுகிற வாடகை 0.9 பில்லியன்தான், மற்ற 2 பில்லியனும் வணிகர் சேவைகளிலிருந்து, பெரும்பாலும் கட்டணம் எடுத்துக் கொடுப்பதிலிருந்து, வந்தது. காசு தன் பக்கத்தால் போனால்தான் அதற்குப் பங்கு. பெருந்தொற்றில் உலகமே வீட்டுக்குள் இருந்து சந்தா கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் காசு வெளிச் செயலியின் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது.

2020 இறுதியில் ஷொப்பிஃபை சந்தாவுக்கான இடைமுகங்களைத் திறந்தது. இனிச் சந்தாவும் அதன் சொந்தக் கட்டணப் பக்கத்திலேயே பதியலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன கழிவு என்பதைச் சொல்வது 'விற்பனைத் திட்டம்'. வாங்கியதும் உருவாகும் பதிவு 'சந்தா ஒப்பந்தம்'. ஒவ்வொரு மாதமும் காசு எடுக்கப் பார்ப்பது 'கட்டண முயற்சி'. ரீசார்ஜ் போன்ற செயலிகள் அழியவில்லை. தங்களை இந்தப் புதிய வழியோடு இணைத்துக்கொண்டன. ஆனால் அவற்றின் இடம் மாறியது. முன்பு அவை கல்லாவில் இருந்து காசை எண்ணின. இப்போது எந்தத் திகதியில் எடுக்கவேண்டும் எண்டு ஞாபகப்படுத்துகின்றன, எடுப்பது ஷொப்பிஃபை.

மாற்றம் எப்படி நடக்கும்?

புதிதாகச் சேருபவருக்குச் சிக்கலில்லை. ஏற்கனவே இருக்கிற ஆக்களை என்ன செய்வது என்பதுதான் தலையிடி. மூன்று வழி உண்டு.

முதலாவது, சைக்கிள்களையே ஏற்றிக்கொண்டு போவது. பழைய பெட்டகக் கம்பனி அட்டை விபரங்களை மறையாக்கம் செய்து, அதே பாதுகாப்புத் தரமுள்ள புதிய கம்பனிக்கு நேரே அனுப்பும். கடைக்காரர் ஓர் இலக்கத்தையும் காணமாட்டார். முடிவில் 'இந்தப் பழைய துண்டுக்கு இந்தப் புதிய துண்டு' என்று ஓர் அட்டவணை வரும். அதைச் சந்தாப் பட்டியலோடு பொருத்தவேண்டும்.

இரண்டாவது, சைக்கிளைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, புதிய ஆளிடம் பழைய துண்டு இலக்கத்தைச் சொல்லி வைப்பது. ஷொப்பிஃபை இதற்கும் இடம் வைத்தது: ஸ்ட்ரைப் போன்ற வெளிப் பெட்டகங்களில் இருக்கும் அட்டையைச் சுட்டுகிற குறிப்பை அங்கே பதியலாம். பெட்டகம் அசையாது, ஒப்பந்தம் மட்டும் இடம் மாறும்.

மூன்றாவது, வாடிக்கையாளருக்கே எழுதி, 'நாங்கள் மாறுகிறோம், அட்டையை இன்னொருமுறை பதியுங்கோ' எண்டு கேட்பது.

முதலிரண்டிலும் பொறிகள் நிறைய. பழைய பக்கத்தை நிறுத்த முதல் புதியது ஓடத் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு இரண்டு தரம் காசு போகும். பழையதை முந்தி நிறுத்தினால் பொதி வராது. அடுத்த கட்டணத் திகதி ஒரு நாள் பிசகினாலும் சம்பளத்துக்கு முதல் நாள் காசு கழியும். மூன்று வருடத்துக்கு முந்திய விலையில் இருப்பவரை அதே விலையில் கொண்டுபோகவேண்டும். வங்கிக் கூற்றில் தெரிகிற பெயர் மாறினால், யாரோ காசைத் திருடுகிறார்கள் எண்டு நினைத்து வாடிக்கையாளர் வங்கியில் முறையிடுவார். அந்த முறைப்பாட்டுக்கும் கடைக்காரர்தான் தண்டம் கட்டவேண்டும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் சில சந்தாக்களை மட்டும் மாற்றிப் பார்த்து, கட்டணம் குறைவாக விழுகிற நாளைத் தெரிவுசெய்து, பெயர் மாறும் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புவார்கள்.

மூன்றாவது வழிதான் நேர்மையானது, இலகுவானதும்கூட. ஆனால் கடைகள் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கின்றன. காரணம் எல்லாருக்கும் தெரியும்: திருப்பிக் கேட்டால் ஒரு பகுதி ஆக்கள் திரும்பி வரமாட்டார்கள். சந்தா ஓடிக்கொண்டிருப்பதையே மறந்தவர்கள், நிறுத்த நினைத்து நேரமில்லாமல் விட்டவர்கள், பொருள் சலித்துப்போனவர்கள். இவ்வளவு நுட்பமும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகவும் உழைக்கிறது. 'உங்களுக்கு இது இன்னும் வேணுமா?' என்ற கேள்வி அது.

கேட்கவைத்த நாடுகள்

கேட்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2021 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் தானாகக் கழிகிற கட்டணத்துக்கு வாடிக்கையாளர் முதலில் ஒருமுறைக் கடவுச்சொல்லோடு பதியவேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் வரவேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல். இந்த எல்லை 2022 யூனில் 15,000 ஆக உயர்ந்தது. அந்த ஒக்டோபரில் ஏராளமான தானியங்கிக் கட்டணங்கள் விழாமல் நின்றன. அடுத்த வருடம் அப்பிள், இந்திய அட்டைகளில் சந்தாக் கட்டணம் எடுப்பதையே நிறுத்தியது. 2022 ஒக்டோபர் 1 முதல் கடைகள் அட்டை விபரத்தைச் சேமிப்பதும் தடைசெய்யப்பட்டது.

இதனால் சின்ன வியாபாரங்கள் அடிபட்டன. பத்திரிகைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மாதாமாதம் விரும்பிக் காசு கொடுத்தவர்களின் பங்களிப்பும் அறுந்தது. அந்த வலியை மறைத்துவிட்டு இந்தச் சட்டத்தைப் புகழ நாங்கள் விரும்பவில்லை. ஆனால் தானாக ஓடிக்கொண்டிருந்த அனுமதியைத் திருப்பி வாடிக்கையாளரின் கையில் வைத்த பெரிய முயற்சி அது.

ஐரோப்பா நடுவழியில் போனது. 2019 செப்டெம்பர் 14 முதல் அங்கே முதல்முறை அட்டை பதியும்போது வாங்குபவர் தன்னை உறுதிப்படுத்தவேண்டும். பிறகு கடை தானே எடுக்கும் கட்டணங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டணமும் அந்த முதல் சம்மதத்தைச் சுட்டவேண்டும். ஆகவே மாற்றத்தின்போது அந்த முதற்கட்டணத்தின் அடையாள இலக்கமும் கூடவே போகவேண்டும். அது தொலைந்தால் வங்கி மறுக்கலாம். கையொப்பத்தைக் காட்டினால்தான் காசு என்ற பழைய எண்ணம் இங்கே ஓர் இலக்கமாக உயிரோடு இருக்கிறது.

வரலாற்றில் சில பொருத்தங்கள் தற்செயலாக வந்து விழும். 2023 யூனில் அமெரிக்க வணிக ஆணைக்குழு அமேசன் மேல் வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவில் ஆக்களைத் தெரியாமலே சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் குற்றச்சாட்டு. விலகுகிற வழிக்குக் கம்பனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று முறைப்பாட்டில் இருந்தது. நீண்டு இழுபடுகிற போர்க் காவியத்தின் பெயர். 2025 செப்டெம்பரில் அமேசன், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2.5 பில்லியன் டொலருக்கு வழக்கைத் தீர்த்தது. 1715இல் இலியட்டைப் பெற ஆக்கள் விரும்பிப் பெயர் எழுதினார்கள். முந்நூறு வருடத்துக்குப் பிறகு, பெயரை வெட்டுவதைக் கஷ்டமாக்கிய பாதைக்கு அதே பெயர்.

நாங்கள் எங்கே நிற்கிறோம்?

விற்கிற பக்கத்தில் நாங்கள் இந்தக் கதைக்குள் இன்னும் முழுதாக வரவில்லை. ஸ்ட்ரைப் இலங்கைக் கடைகளுக்குக் கணக்குத் திறப்பதில்லை. ஷொப்பிஃபையின் சொந்தக் கட்டண வசதியும் இங்கே இல்லை. அதன் சந்தா வசதி தெரிந்தெடுத்த கட்டண வழிகளில்தான் ஓடும் என்பதால், இங்கிருந்து விற்கிற ஒருவர் அந்தக் கட்டணப் பக்கத்தில் மாதச் சந்தா எடுப்பது இலேசான காரியமில்லை. எங்கட வயதுப் பிள்ளைகள் உடுப்பும் கைப்பணிப் பொருளும் விற்கிற பக்கங்களில் வங்கியில் காசு போட்டு, சிட்டையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிற முறைதான் கூட. அது வில்லங்கமான முறை. ஒவ்வொரு மாதமும் அப்படி வாங்குவதற்கு யாருக்கும் பொறுமை இராது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அனுப்புவது வாங்குகிற ஆள்தான்.

வாங்குகிற பக்கத்தில் நாங்கள் எப்பவோ உள்ளே வந்துவிட்டோம். படம் பார்க்க, பாட்டுக் கேட்க, தொலைபேசிப் படங்களைச் சேமிக்க எண்டு எங்கட அட்டைகளில், இல்லாவிட்டால் அண்ணாவின் அட்டையில், எத்தனை துண்டுகள் எந்தெந்தப் பெட்டகத்தில் இருக்கின்றன என்று யாருக்காவது கணக்குத் தெரியுமா? அவற்றில் எத்தனை எங்களுக்குத் தெரியாமலே கைமாறியிருக்கும்? மின்ஷூவின் சந்தாதாரர் யார் என்று 400 வருடம் கழித்தும் சொல்ல முடிகிறது. எங்கள் சம்மதங்களோ எங்களாலேயே வாசிக்கமுடியாத இலக்கங்களாகத்தான் இருக்கின்றன.

கட்டணப் பக்கம் மாறுவதை யாராலும் தடுக்க ஏலாது, தடுக்கவும் தேவையில்லை. இரண்டு கல்லாப்பெட்டியை ஒன்றாக்கியது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உண்மையிலேயே வசதிதான். நாளைக்கு எங்களில் சிலர் இப்படியான வேலைகளைச் செய்யப்போகிறோம். கணினி படித்தவர்கள் மட்டுமல்ல, மொழிபெயர்ப்புக்கும் வாடிக்கையாளர் கடிதங்களுக்கும் கலைப்பீடத்து ஆக்களும் போகிறார்கள். அந்த மின்னஞ்சலை எழுதுகிற பொறுப்பு உங்களிடம் வந்தால், 'உங்கள் சந்தா புதிய தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளது, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை' என்ற வசனத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கோ. இது வேண்டாம் என்றால் எங்கே தட்டவேண்டும் என்று சொல்கிற ஒரு வரி.